நத்தைமுனையின் வருகைப் பதிவேடு

இதோ, இந்த உப்பை நாக்கில் வைத்துக்கொண்டுதான் சொல்கிறேன், உரக்கவே சொல்கிறேன், நாலு பேர் காதில் விழுந்தால் விழட்டும்: இதில் ஒரு சொல் பொய்யாக இருந்தால் என் நாக்கு இந்த உப்போடு சேர்ந்து கரைந்து போகட்டும். நான் சொன்ன மற்ற கதைகளில், வஞ்சிரத்தின் வயிற்றைக் கீறியபோது உள்ளே ஊர்த் தபால்பெட்டி இருந்த கதை உட்பட, கொஞ்சம் முன்னே பின்னே இருந்திருக்கலாம், ஒத்துக்கொள்கிறேன். இது அப்படியல்ல. இதைக் கூட்டிச் சொன்னால் எனக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்.

நத்தைமுனைக்குப் போகிறவர்கள் பெரிய ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி, இரண்டு பக்கமும் உப்புப் பாத்திகள் கண்ணைப் பறிக்கிற வரப்பின் மேல் ஒன்றரை மைல் நடக்க வேண்டும். நடை முடிகிற இடத்தில் பள்ளிக்கூடம், அதற்கப்புறம் ஊர், அதற்கப்புறம் கடல். அந்த வரப்பில் இருபத்துநாலு வருஷமாகக் காலையில் போய்ச் சாயங்காலம் திரும்பியவர் தங்கபுஷ்பம் டீச்சர். ஐந்து வகுப்புக்கும் அவர் ஒருத்தர்தான், முப்பத்துநாலு பிள்ளைகள். அவருக்கு இருந்த ஒரே கர்வம் வருகைப் பதிவேடு. இருபத்துநாலு வருஷத்தில் அதில் தப்பென்று ஓர் அடித்தல் கிடையாது, ஒரு திருத்தல் கிடையாது, மைத்துளி சிந்திய ஒரு பக்கம் கிடையாது.

கடல் ஊருக்குள் வந்து மூன்று நாள் தங்கிவிட்டுப் போன வருஷம் அது. போகிறபோது வெறுங்கையோடா போகும்? வள்ளங்களையும் வலைகளையும் எடுத்துக்கொண்டு, கிணறுகளில் தன் ருசியை விட்டுவிட்டுப் போனது. ஊரே உப்பளத்துக்கு வேலைக்குப் போயிற்று. பெரியவர்கள் போய்க் கொஞ்ச நாளில் அளத்துக் கங்காணி மாசானமுத்து வீடு வீடாக வந்து, "பிள்ளையளையும் அனுப்புங்க, பாத்தி மிதிக்கதுக்குப் பிஞ்சுக் காலுதான் தோது, கனத்த காலு பட்டா அடிமண்ணு கலங்கி உப்பு பழுப்பேறிப் போவுது" என்றான். ஒவ்வொரு பிள்ளையாகப் பள்ளிக்கூடத்திலிருந்து பாத்திக்குப் போயிற்று.

முதலில் போனவள் ஐந்தாம் வகுப்பு அரசகனி. பதிவேட்டில் முதல் பெயரும் அவளுடையதுதான். அவள் போன மறுநாள் காலை டீச்சர் தலை நிமிராமலே, பழக்க தோஷத்தில், "அரசகனி" என்று கூப்பிட, "உள்ளேன் டீச்சர்" என்று பதில் வந்தது. நிமிர்ந்து பார்த்தால் பெஞ்சில் அரசகனி உட்காருகிற இடத்தில் ஒரு சாண் வெயில் மட்டும் உட்கார்ந்திருந்தது. டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு அடுத்த பெயரைக் கூப்பிட்டார்.

அதே நேரத்தில் அளத்தில் அரசகனி, "அண்ணே, தண்ணி" என்று கேட்க வாயைத் திறந்தாள். வாய் திறந்தது, சத்தம் வரவில்லை.

இப்படித்தான் ஆயிற்று. பிள்ளை அளத்துக்குப் போகும், சத்தம் பள்ளிக்கூடத்தில் நின்றுவிடும். சத்தம் காலையில் உள்ளேன் என்று சொல்லும், வாய்ப்பாடு ஒப்பிக்கும், பக்கத்துச் சத்தத்தைக் கோள் மூட்டும். அளத்தில் மழை பெய்து வேலை நின்ற ஒரு நாள் மூன்றாம் வகுப்புக் கொம்பையா வகுப்புக்கு வந்து தன் இடத்தில் உட்கார்ந்தான். பேரைக் கூப்பிட்டதும் பெஞ்சில் இருந்த சத்தம் அவன் வாய்க்குள்ளேயே போய் ஒலித்தது, அன்றைக்கு முழுக்கப் பேசித் தீர்த்தான். மறுநாள் வெயில் அடித்தது, அவன் அளத்துக்குப் போனான், சத்தம் பெஞ்சுக்குத் திரும்பிற்று. ஆக வழி இருந்தது: ஆள் வந்து உட்கார்ந்தால் போதும்.

முதல் வாரம் ஊர் பயந்தது. அம்மனுக்குப் பொங்கல் வைத்துப் பார்த்தது, தேவாலயத்தில் ஜெபம் சொல்லிப் பார்த்தது. இரண்டாவது வாரம் பழகிப்போயிற்று. மூன்றாவது வாரம் சௌகரியமாகக்கூட ஆகிவிட்டது. ஊமைப் பிள்ளைகள் தண்ணீர் கேட்பதில்லை, காலில் உப்பு அரித்துப் புண்ணானால் அழுவதில்லை, பாட்டுப் பாடி வேலையைக் கெடுப்பதில்லை. மாசானமுத்துவுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? தாய்மார்கள்தான் வேலை முடிந்து திரும்புகிற வழியில், பிள்ளையிடம் கேட்க வேண்டியதை அதன் சத்தத்திடம் கேட்கப் பள்ளிக்கூட ஜன்னலில் வந்து நின்றார்கள்.

"லேய் கொம்பையா, வயித்தப் புடிச்சிக்கிட்டு உருளுதியே, எங்கல வலிக்கி?" என்று கேட்பாள் அவன் அம்மா சந்தனமாரி.

"தொப்புளுக்கு மேலம்மா."

"காலையில என்னத்தத் தின்ன?"

"மாங்கா."

"நாசமாப் போறவனே, உப்புத் தொட்டா?"

"உப்புக்கு மேலயேதான நாள் முழுக்க நிக்கேன்" என்று சத்தம் சொல்லும். சந்தனமாரி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியாமல், பக்கத்தில் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிற பையனைத் தரதரவென்று வீட்டுக்கு இழுத்துப் போவாள்.

சத்துணவு ஆயா செல்லக்கனிக்கு வேறு கவலை. "டீச்சர், சத்தத்துக்கு முட்ட உண்டா இல்லியா?"

"அவிச்சு வையுங்க. கேட்டா குடுப்போம்."

மத்தியானம் மணி அடித்ததும் காலிப் பெஞ்சிலிருந்து, "ஆயா, எனக்கு மஞ்சக்கரு வேண்டாம்" என்று கேட்டது. அன்றிலிருந்து முட்டைகள் பேப்பரில் சுற்றி அளத்துக்குப் போயின.

இதுவரைக்கும் சிரிப்பாக இருக்கும் உங்களுக்கு. இனிமேல் சிரிக்க மாட்டீர்கள்.

டீச்சர் அந்த முதல் மாதம் என்ன செய்தார் என்றால், சத்தம் உள்ளேன் என்றாலும் பதிவேட்டில் 'வரவில்லை' என்றுதான் போட்டார். பதிவேடு கேட்பது ஆளை, ஆள் வரவில்லை, பொய் எழுத அவருக்குக் கை வராது. அந்தப் பதிவேட்டுக்கு ஒரு விதி உண்டு. ஒரு பிள்ளை சேர்ந்தாற்போல் முப்பது நாள் வராவிட்டால் பெயரைச் சிவப்பு மையால் கோடிழுத்து நீக்கிவிட வேண்டும். முப்பத்தோராம் நாள் சாயங்காலம், எல்லாச் சத்தமும் அடங்கின பிறகு, டீச்சர் சிவப்புப் பேனாவை எடுத்து, ஸ்கேல் வைத்து, ஒரு நடுக்கமும் இல்லாமல், அரசகனி என்ற பெயரின் மேல் நேராக ஒரு கோடு இழுத்தார். அழகான கோடு. இருபத்துநாலு வருஷத்துக் கை அல்லவா?

மறுநாள் அந்த இடத்தில் சத்தம் இல்லை. டீச்சர் கூப்பிட்டார். திரும்பக் கூப்பிட்டார். விஷயம் தெரிந்து அரசகனியை அவள் அப்பனே தோளில் தூக்கிவந்து பெஞ்சில் உட்கார வைத்தான். பெயரைக் கூப்பிட்டதும் அந்தப் பிள்ளை கழுத்து நரம்பு புடைக்க வாயைத் திறந்தது. காற்று வந்தது. உப்பளத்து மேல்காற்று ஓலை இடுக்கில் நுழைகிற மாதிரி ஒரு காற்று, அவ்வளவுதான். டீச்சர் கடைசிக் கோட்டில் நீல மையால் அவள் பெயரைப் புதிதாக எழுதிக் கூப்பிட்டுப் பார்த்தார். போன சத்தத்துக்கு எந்தக் கோட்டிலும் இடம் கிடைக்கவில்லை.

அரசகனி அழவில்லை. கரும்பலகைக்குப் போய், சாக்பீஸை எடுத்து, 'நான் வந்தேனே டீச்சர்' என்று எழுதிவிட்டு இறங்கிப் போனாள்.

சிவப்புப் பேனாவை டீச்சர் அன்றைக்கே பாத்தியில் வீசினார். அந்தப் பாத்தி உப்பு மூன்று அறுவடைக்கு ரோஸ் நிறமாக விளைந்ததை என் கண்ணால் பார்த்தேன். அடுத்த வாரமே, அதுவரை கவனிக்காமல் விட்ட இன்னொன்றும் தெரிந்தது: ஞாயிற்றுக்கிழமை கூப்பிடாமல் விட்டதில் திங்கட்கிழமை சத்தங்கள் கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி மங்கியிருந்தன. இரண்டு நாள் விட்டால் என்ன ஆகும் என்று சோதித்துப் பார்க்க அவர் தயாராக இல்லை. மிச்சம் முப்பத்துமூன்று பெயர். ஒன்றுகூட இனிப் போகக் கூடாது.

அன்றிலிருந்து டீச்சருக்கு லீவு கிடையாது. ஞாயிறு வந்தார், பொங்கல் வந்தார், கிறிஸ்துமஸ் வந்தார், கோடை விடுமுறை முழுக்க வந்தார், பஸ் ஓடாத நாளில் ஒன்பது மைல் நடந்து வந்தார், காய்ச்சலில் பல் கிட்டித்துக்கொண்டு வந்தார், புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றிய அன்றைக்கு வரப்பில் நடக்க முடியாமல் தவழ்ந்து வந்தார், கூடப்பிறந்த தம்பி செத்த அன்றைக்கு, அங்கே எடுக்கக் காத்திருக்க, இங்கே வந்து முப்பத்துமூன்று பெயரையும் கூப்பிட்டுவிட்டு, முப்பத்துமூன்று உள்ளேனையும் வாங்கி, சத்தம் வந்ததும் வந்ததுதானே என்று 'வந்தது' போட்டுவிட்டு, அப்புறம்தான் அழப் போனார். ஒரு நாள் தவறவில்லை. இதற்குள் ஆள் என்று பெஞ்சில் ஒரு பிள்ளையும் மிச்சமில்லை. எல்லாம் அளத்துக்குப் போயிற்று. காலி வகுப்பில் அவர் கழித்தல் கணக்குச் சொல்லிக் கொடுத்தார், சத்தங்கள் விடை சொல்லின.

வருஷக் கடைசியில் மேலேயிருந்து ஓர் அதிகாரி வந்தார். காலிப் பெஞ்சுகளை எண்ணினார். டீச்சர் பெயர்களைக் கூப்பிட்டுக் காட்டினார். முப்பத்துமூன்று உள்ளேனையும் அதிகாரி காதாரக் கேட்டார், கைக்குட்டையால் பிடரியைத் துடைத்துக்கொண்டார்.

"எல்லாம் கேக்குதும்மா. ஆனா சத்தத்துக்கு என் படிவத்துல கட்டம் இல்லையே."

"கட்டம் போட்டுக்குங்க சார். ஸ்கேல் தாரேன்."

"வெளையாடாதீங்க. ஆள் இல்லாத பள்ளிக்கூடத்த மூடணும்னு உத்தரவு. உங்களுக்கு டவுன்ல போஸ்டிங். ஃபேன் எல்லாம் இருக்கு."

பள்ளிக்கூடத்துக்குப் பூட்டு விழுந்தது. டீச்சர் டவுன் பள்ளிக்குப் போனார், ஆனால் எப்படிப் போனார் என்றால், விடிகிறபோதே முதல் பஸ்ஸில் நத்தைமுனைக்கு வந்து, ஜன்னல் கம்பியைப் பிடித்து நின்று பெயர்களைக் கூப்பிட்டுவிட்டு, அடுத்த பஸ்ஸில் டவுனுக்கு ஓடினார். பழைய பதிவேட்டை ஒப்படைக்கவில்லை. கேட்டதற்குக் கறையான் தின்றுவிட்டது என்று எழுதிக் கொடுத்தார். அவர் வாழ்க்கையில் எழுதிய முதல் பொய்.

காலிக் கட்டிடத்தை அளத்து முதலாளி உப்பு வைக்க எடுத்துக்கொண்டார். அவர் டவுனில் இருப்பவர், ஊர்ப்பக்கம் வருவதில்லை, எல்லாம் மாசானமுத்துதான். உள்ளே வைக்க வேண்டிய உப்பை அவன் வெளியே, சுவரை ஒட்டி, அம்பாரமாகக் குவிக்கச் சொன்னான். கூலிக்காரர்கள் காரணம் கேட்டார்கள். "காலங்காத்தால அந்தச் சத்தங்கள் அளம் வரைக்கும் கேக்கு, பொடியனுவ நின்னு காது குடுத்துக்கிட்டு நிக்கானுவ, வேல ஓட மாட்டேங்கு" என்றான். முதல் நாள் கணுக்கால் உயரம். ஒரு வாரத்தில் இடுப்பு உயரம். அப்புறம் ஜன்னல் அடிக்கட்டை. வெள்ளைவெளேரென்று ஒன்று அந்தப் பள்ளிக்கூடத்தைக் காலிலிருந்து விழுங்கிக்கொண்டு வந்தது. அதைக் கூடையில் சுமந்து வந்து கொட்டியது வேறு யாருமில்லை, அந்தப் பிள்ளைகளே.

அந்த மாசானமுத்து யாரென்று சொல்ல மறந்துவிட்டேன். டீச்சர் வேலைக்குச் சேர்ந்த வருஷம் மூன்றாம் வகுப்பில் படித்தவன், ஒரு மத்தியானம் சாப்பாட்டு மணிக்கு எழுந்து போனவன் திரும்பி வரவேயில்லை. அவன் பெயர் மேலும் ஒரு சிவப்புக் கோடு உண்டு, அந்த வருஷத்துப் பதிவேட்டில், பீரோவில் எங்கேயோ. முப்பது வயசு தாண்டியும் டீச்சரைப் பார்த்தால் பீடியை முதுகுக்குப் பின்னால் மறைக்கிற பழக்கம் மட்டும் அவனை விட்டுப் போகவில்லை.

உப்பு ஜன்னலை மூடிய அன்று டீச்சர் உப்பு அம்பாரத்தின் மேல் ஏறி நின்று கூப்பிட்டார். சத்தங்கள் வந்தன, ஆனால் மண்ணுக்குள் புதைத்தவர்கள் பேசினால் எப்படி இருக்குமோ அப்படி. மறுநாள் அதைவிடக் கீழே. உப்புக்காற்றில் கத்திக் கத்தி அவர் தொண்டையும் பாளம் பாளமாக வெடித்திருந்தது. எட்டாவது நாள் அவரிடம் மிச்சமிருந்தது பாதி எழுத்தும் பாதிக் காற்றும். முதல் ஐந்து பெயருக்குப் பதிலே வரவில்லை. அவர் காதை உப்பில் வைத்துப் படுத்தார்.

கீழே மாசானமுத்து நின்றுகொண்டிருந்தான், பீடி முதுகுக்குப் பின்னால். கூடை சுமந்த பிள்ளைகள் வரிசையாக நின்றிருந்தன, அரசகனியும்.

"என்ன டீச்சர், உப்புக்குப் பாடம் எடுக்கீயளா? பரீட்ச எப்ப?" என்றான். சுற்றி நின்ற கூலிக்காரர்கள் யாரும் சிரிக்காததால் தானே சிரித்தான். "எறங்குங்க டீச்சர். நாளைக்கு ஓட்டுக்கு மேல கொட்டப் போறோம். அப்புறம் நீங்க யாரக் கூப்பிடுவீய?"

டீச்சர் எழுந்து உட்கார்ந்தார். சேலையில் ஒட்டிய உப்பைத் தட்டினார். பதிவேட்டைத் திறந்தார். முப்பத்துநான்கு பெயருக்குக் கீழே காலிக் கோடுகள் இருந்தன. அவர் அவனை நிதானமாகப் பார்த்தார். வீட்டுப்பாடம் எழுதாமல் வந்து பொய் சொல்கிற பையனைப் பார்க்கிற பார்வை. நீலப் பேனாவைத் திறந்து, விட்டுப் போன பிள்ளையை மறுபடி சேர்ப்பது எப்படியோ அப்படி, கொட்டை எழுத்தில் எழுதினார்: மாசானமுத்து, மூன்றாம் வகுப்பு. மை காய ஊதினார். பிறகு பாதி எழுத்தும் பாதிக் காற்றுமாகக் கூப்பிட்டார்.

அம்பாரத்தின் அடியிலிருந்து, கூரைக்கும் சுவருக்கும் நடுவிலிருந்து, எட்டு வயசுப் பையனின் குரல், தெளிவாக, பயந்து போய்ச் சொன்னது:

"உள்ளேன் டீச்சர்."

கீழே நின்றவன் வாயைத் திறந்தான். மூடினான். தொண்டையைப் பிடித்துக்கொண்டான். பீடி உப்பில் விழுந்து சுர்ரென்று அணைந்தது. பிள்ளைகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன, கூடைகளைக் கீழே வைத்தன.

அளத்தில் ஏவுவதற்குக் குரல் இல்லாமல் வேலை நின்றது. மாசானமுத்து கையை ஆட்டிப் பார்த்தான். கையை யார் கேட்பார்? மத்தியானத்துக்குள் அவனே வாருபலகையை எடுத்து உப்பை விலக்க ஆரம்பித்தான். பலகை உடைந்ததும் கையால் விலக்கினான். இரண்டு நாள். அந்த இரண்டு நாளும் டீச்சர் அம்பாரத்தின் உச்சியிலேயே உட்கார்ந்து, விலகிய ஒவ்வொரு அடிக்கும் ஒரு தரம், பெயர்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். டவுன் பள்ளிக்கு அவர் போகவில்லை. உப்பு இறங்க இறங்கச் சத்தங்கள் ஏறி வந்தன. முதல் ஐந்து பெயர்தான் கடைசியாக வந்தது, இருமலோடு. பூட்டைக் கல்லால் உடைத்துக் கதவைத் திறந்தவன் நேரே ஓடிப் போய் மூன்றாம் வகுப்புப் பெஞ்சில் உட்காரப் பார்த்தான்.

"நில்லுல" என்றார் டீச்சர். "ஒருத்தன் வந்தா அது பள்ளிக்கூடமா? மத்தவங்க எங்க?"

அன்று சாயங்காலம் நத்தைமுனை அதுவரை பார்த்திராத ஒரு காட்சியைக் கண்டது: கங்காணி வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டி, ஒன்றும் சொல்ல முடியாமல், பள்ளிக்கூடத்தைக் கைகாட்டி, குனிந்து கும்பிட்டான். மறுநாள் முப்பத்துமூன்று பிள்ளைகளும் வந்து உட்கார்ந்தன. பெயர் கூப்பிடக் கூப்பிட ஒவ்வொரு சத்தமும் ஒவ்வொரு வாய்க்குள் போய்ச் சேர்ந்தது. சந்தனமாரி ஜன்னலுக்கு வெளியே நின்று, "லேய், சத்தமாச் சொல்லுல, இன்னொருக்காச் சொல்லு" என்று கத்திக்கொண்டிருந்தாள்.

மாசானமுத்துவை டீச்சர் வாசற்படியில் நிறுத்தினார். தாமதமாக வந்த பிள்ளையை நிறுத்துகிற இடம் அதுதான். "இந்தப் பிள்ளைய எல்லாம் அஞ்சாம் வகுப்பு முடிக்கட்டும். அதுக்கப்புறம் நீ உள்ள வா. அதுவரைக்கும் உன் சத்தம் பத்திரமா இருக்கும். நான் ஒரு நாளும் தவற மாட்டேன்." அதைச் சொல்கிறபோது டீச்சர் சிரித்தார். பார்த்தவர்களில் இரண்டு பேர் அப்புறம் அந்த வழியாக நடப்பதை விட்டுவிட்டார்கள்.

இன்றைக்கும் அவன் படியில் நிற்கிறான். இன்றைக்கும் தினமும் மூன்றாம் வகுப்புப் பெஞ்சிலிருந்து எட்டு வயசுப் பையன் உள்ளேன் என்கிறான். அந்தப் பள்ளிக்கூடம் திறந்திருப்பது உத்தரவுப்படி தப்பு. ஆனால் மூடச் சொன்ன அதிகாரிக்குத் திடீரென்று தொண்டை கட்டிக்கொண்டதாம், ஆபீசில் எல்லாவற்றையும் சீட்டில் எழுதித்தான் காட்டுகிறாராம். முதலாளி டவுனை விட்டே போய்விட்டார். போனவர் பேசுகிறாரா என்று எனக்குத் தெரியாது.

தினமும் முதலில் கூப்பிடுகிற பெயர் அரசகனி. சிவப்புக் கோட்டின் மேலேயே விரலை வைத்துக்கொண்டு டீச்சர் கூப்பிடுவார். காற்று வரும். அது நிற்கும்வரை பொறுத்திருந்துவிட்டுத்தான் அடுத்த பெயருக்குப் போவார். அரசகனி இப்போது டீச்சரின் மேசைக்குப் பக்கத்திலேயே உட்காருகிறாள். நீலப் பேனாவுக்கு மை ஊற்றுவது அவள், பதிவேட்டைப் பையில் வைத்துத் தூக்கிக்கொண்டு வரப்பில் டீச்சரோடு நடப்பது அவள். பெயர் எழுதப் பதிவேட்டில் இன்னும் பதினேழு கோடு காலியாக இருக்கிறது. ஊருக்குள் வருகிறபோது அந்தப் பிள்ளை ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று, தன்னைப் பாத்திக்கு அனுப்பியபோது வாயை மூடிக்கொண்டிருந்த ஆட்களின் முகத்தை ஒவ்வொன்றாக, அவசரமில்லாமல், பார்த்துவிட்டுப் போகிறாள்.

நேற்று என் வாசலில் நின்றாள்.

எனக்கு இருப்பது இந்த வாய் ஒன்றுதான் ஐயா. நானும் அந்தப் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்போடு நின்றவன்தான். கதையை யாரிடம் வேண்டுமானாலும் சொல்லுங்கள். யார் சொன்னது என்று கேட்டால் மட்டும், கடற்கரையில் யாரோ பேசிக்கொண்டார்கள் என்று சொல்லிவிடுங்கள். பெயர் மட்டும் வேண்டாம்.